தும்பை விட்டு வாலைப் பிடித்த ஏலியன்கள்

ஒரு பிளேட் பிரியாணியைவிடக் குறைந்த விலைக்குத் தள்ளுபடியில் வாங்கிய கணினி விளையாட்டு. அதனால் பணம் போச்சே என்ற வருத்தம் எனக்கில்லை. ஆசைப்பட்டது வேறு, கிடைத்தது வேறு என்பதுதான் வருத்தம். அதில் ஒரு பங்குக்குக் காரணம், விளையாட்டின் கோப்பு ஒன்றில் தப்பாக நுழைந்த ஒரே ஒரு எழுத்து என்று பிறகு தெரிந்தது. விளையாட்டின் பெயர் ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ். 2013 பிப்ரவரி 12 அன்று முழு விலைக்கு வெளிவந்தது, அப்புறம் வெகு சீக்கிரமே தள்ளுபடிக் கூடைக்கு வந்து சேர்ந்தது.

ஜேம்ஸ் கேமரூன் 1986-இல் எடுத்த ஏலியன்ஸ் படத்தின் கதை முடிந்து 17 வாரங்கள் கழித்து இந்த விளையாட்டு தொடங்குகிறது. செஃபோரா என்ற கப்பலில் ஒரு படை கிளம்பி, எல்வி-426 என்ற அந்த நாசமாய்ப்போன துணைக்கோளைச் சுற்றிக்கொண்டிருக்கும், படத்தில் வந்த சுலாகோ கப்பலைத் தேடிப் போகிறது. நாம் கார்ப்பரல் கிறிஸ்டோபர் வின்டர். சுலாகோவின் தாழ்வாரங்களில் நடக்கலாம், ஹேட்லீஸ் ஹோப் குடியிருப்பின் இடிபாடுகளில் அலையலாம், பல்ஸ் ரைஃபிளைப் பிடித்துச் சுடலாம். அந்தத் துப்பாக்கியின் சத்தம் அச்சு அசல் படத்தில் வருவதேதான். முதல் அரை மணி நேரம் அந்தச் சத்தத்துக்காகவே சும்மா சுவரைச் சுட்டுக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

அந்தப் படத்தில் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிற ஒரு காட்சி உண்டு. கதவுகளை எல்லாம் வெல்டிங் வைத்து அடைத்துவிட்டார்கள். ஆனால் கையில் இருக்கும், அசைவைக் காட்டும் மோஷன் டிராக்கர் கருவி, எதிரிகள் அறைக்குள்ளேயே வந்துவிட்டதாகக் காட்டுகிறது. எங்கே? கடைசியில் ஒருவர் கூரைப் பலகையைத் தூக்கிப் பார்க்கிறார். ஏலியன் என்றால் எனக்கு அதுதான். வாசல் வழியாக வருகிற விருந்தாளி அல்ல அது.

விளையாட்டில் என்ன நடந்தது தெரியுமா? வாசல் வழியாகத்தான் வந்தது. கதவு திறந்தது, ஏலியன் ஒன்று இரண்டு காலில் எழுந்து நின்று, நேராக என்னை நோக்கி ஓடி வந்தது. சுட்டேன், விழுந்தது. அடுத்தது வந்தது, அதே வழி, அதே ஓட்டம். ஒன்று என் அருகே வந்து நின்று, எதற்கு வந்தோம் என்று மறந்ததுபோல் ஒரு நொடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொன்று ஒரு பெட்டியின் மேல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, உடற்பயிற்சி செய்தது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகன் பத்தாம் வகுப்பு முடித்தவன். "மாமா, இதுங்க ரேஷன் கடைக்கு வர்ற மாதிரி வரிசையா வருதே, இதுக்கா இவ்ளோ பில்டப் குடுத்தீங்க?" என்றான். பதில் சொல்ல முடியவில்லை.

இந்த ஏமாற்றம் எனக்கு மட்டும் வந்ததல்ல. 2011-லும் 2012-லும் அமெரிக்காவின் இ3 என்ற விளையாட்டுக் கண்காட்சியில் இதன் முன்னோட்டத்தைக் காட்டினார்கள். நிழலும் வெளிச்சமும் அசையும் தாழ்வாரங்கள், பின்னாலிருந்து பாயும் ஏலியன்கள் எல்லாம் அதில் இருந்தன. விற்பனைக்கு வந்தது வேறு சரக்கு. பிரிட்டனில் விளம்பரத் தர ஆணையம் வரை புகார் போய், முன்னோட்டப் படங்களில் ஒரு குறிப்புச் சேர்க்க விளையாட்டை வெளியிட்டவர்கள் 2013 ஏப்ரலில் ஒப்புக்கொண்டார்கள். அதே மாதம் அமெரிக்காவில் ஒரு வழக்கும் பதிவானது. அந்தக் கதைக்குள் நான் போகப்போவதில்லை. நான் எழுத வந்தது அந்த ஒரு எழுத்தைப் பற்றி.

2017 அக்டோபரில், இந்த விளையாட்டுக்கு மாற்றங்கள் செய்துகொண்டிருந்த ஒரு ரசிகர் அதன் அமைப்புக் கோப்பு ஒன்றில் எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்தார். உலகம் அதைக் கவனித்தது 2018 ஜூலையில். ஏலியன்களின் நடத்தையைக் கட்டுப்படுத்தும் ஒரு வரியில் 'டெதர்' என்று இருக்க வேண்டிய சொல்லில் தேவையில்லாமல் ஒரு 'ஏ' நுழைந்திருந்தது. டி, இ, டி, எச், இ, ஆர் என்று வர வேண்டியது டி, இ, ஏ, டி, எச், இ, ஆர் என்று கிடந்தது. விளையாட்டு வெளிவந்து நாலரை ஆண்டுக்கு மேலாக அது அப்படியே இருந்திருக்கிறது.

இதைப் படித்ததும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. 'ஒரு எழுத்தை அழித்தால் மோசமான விளையாட்டு நல்ல விளையாட்டாகிவிடும்' என்பது வாட்ஸாப்பில் வரும் மருத்துவக் குறிப்பு மாதிரி இருந்தது. சரி, செய்து பார்த்துவிடலாம், கை வலிக்கவா போகிறது என்று ஒரு சனிக்கிழமை மாலை உட்கார்ந்தேன்.

கோப்பைக் கண்டுபிடிப்பதிலேயே முக்கால் மணி நேரம் போனது. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் மை கேம்ஸ், அதற்குள் ஏலியன்ஸ் கலோனியல் மரீன்ஸ், அதற்குள் பீக்கன்கேம், அதற்குள் கான்ஃபிக். அங்கே இருக்கும் பீக்கன்எஞ்சின் என்ற ஐஎன்ஐ கோப்புதான் வேண்டியது. (விளையாட்டுக்கு உள்ளுக்குள் வைத்துக்கொண்ட செல்லப்பெயர் பீக்கன் போலிருக்கிறது. பாதாம் முந்திரி வரிசையில் வரும் அந்தக் கொட்டைதான்.) என் டாக்குமென்ட்ஸில் மை கேம்ஸே இல்லை. விளையாட்டை நிறுவிய இடத்தில் தேடினேன், வேறு டிரைவில் தேடினேன். கடைசியில் பார்த்தால், கணினியோடு ஒட்டி வரும் மேகச் சேமிப்பு வசதி என்னைக் கேட்காமல் டாக்குமென்ட்ஸைத் தன் வீட்டுக்குள் குடியேற்றிவிட்டிருந்தது. பெயர் ஒன்று, இடம் இரண்டு. உங்களுக்கும் கிடைக்கவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

தொடுவதற்கு முன் கோப்பை நகல் எடுத்து, பெயருக்குப் பின்னால் 'பழசு' என்று சேர்த்து அதே ஃபோல்டரில் வைத்தேன். இது என் அப்பா ரேடியோ பிரிக்கும்போது திருகாணிகளை வரிசையாகத் தாளில் ஒட்டிவைத்துப் பழக்கிய பழக்கம். அப்புறம் நோட்பேடில் திறந்தேன். மிக நீளமான கோப்பு அது, ஒவ்வொரு வரியாகப் படித்தால் விடிந்துவிடும். கண்ட்ரோலும் எஃப்பும் அழுத்தி, தப்பான எழுத்துக்கூட்டையே தேடச் சொன்னேன்.

வந்து நின்றது. 'கிளாஸ் ரீமேப்பிங்' என்று தொடங்கும் ஒரு வரி. இடப்பக்கம் 'அட்டாச் ஸீனோ டு டெதர்' (ஸீனோ என்றால் ஏலியன்), சரியான எழுத்துக்கூட்டுடன். நடுவில் ஓர் அம்புக்குறி. வலப்பக்கம் 'அட்டாச் பான் டு டீதர்', அந்த உபரி 'ஏ'யுடன். ஒரே வரியில் ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார் யாரோ ஒருவர். எந்த வேலைநாளின் எத்தனையாவது மணி நேரமோ, பாவம்.

அந்த வரி என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளத்தான் எனக்கு நேரம் பிடித்தது, ஆனால் சுவாரசியமே அங்கேதான். விளையாட்டு ஓடுவது அன்ரியல் எஞ்சின் 3 என்ற, விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளில். அதில் விளையாட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் (லெவலிலும்) எப்போது எது நடக்க வேண்டும் என்பதைப் பெட்டிகளைக் கோடுகளால் இணைப்பதுபோல் வரைந்து வைப்பார்கள். கதவு திறந்தால் இந்த ஏலியன் தோன்றட்டும், தோன்றியதும் அதை ஒரு டெதரில் கட்டு என்பது மாதிரி. நடுவழியில் 'கட்டு' என்ற அந்தப் பெட்டிக்குப் பதிலாக வேறு பெயரில் மேம்பட்ட ஒன்றைச் செய்திருக்கிறார்கள் போலிருக்கிறது. எல்லாக் கட்டங்களையும் திறந்து பழைய பெட்டிகளை ஒவ்வொன்றாக மாற்றுவது பெரும்பாடு. அதற்குத்தான் ரீமேப்பிங். பழைய பெயரைப் பார்த்தால் புதிய பெயருக்கு அனுப்பிவிடு என்று ஒரு வரி. வீடு மாறியவர்கள் தபால் நிலையத்தில் எழுதிக்கொடுப்பார்களே, பழைய விலாசத்துக்கு வரும் கடிதங்களைப் புதிய விலாசத்துக்குத் திருப்பச் சொல்லி, அதேதான். புதிய விலாசத்தில் தெருப் பெயர் தப்பு. கடிதம் எங்கும் போய்ச் சேரவில்லை.

சரி, டெதர் என்றால்? மாட்டையோ ஆட்டையோ முளைக்குச்சி அடித்துக் கட்டி மேயவிடும் கயிறு. நம் ஊரில் தும்பு. ஒவ்வொரு ஏலியனுக்கும் அது சண்டையிட வேண்டிய பகுதி எது, அந்தப் பகுதியிலிருந்து வெளியேற எந்தெந்த வழி உண்டு என்று இந்தத் தும்பு சொல்கிறது. சண்டை நடுவே ஒரு தும்பிலிருந்து அவிழ்த்து இன்னொன்றில் கட்டினால் அது பக்கவாட்டில் சுற்றி வரும், அல்லது கூட்டம் கலைந்து பரவும். மேய்ச்சல் நிலத்தையே மாற்றி மாற்றிக் கட்டுவதுபோல. தும்பே இல்லை என்றால்? எங்கே நிற்பது, எந்த வழியே போவது என்று தெரியாது. தெரிந்தது ஒன்றுதான், அதோ அங்கே ஒருவன் துப்பாக்கியோடு நிற்கிறான், அவனை நோக்கி ஓடு. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை என்பார்கள். இங்கே வாலும் நமக்குத் தெரிந்த வால்தான், முள் வைத்த வால்.

இத்தனை நாளும் ஒருவரும் கவனிக்காமல் எப்படி என்ற கேள்வி எனக்கும் வந்தது. நிரலில் ஒரு பெயரைத் தப்பாக எழுதினால், நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் அங்கேயே கையைப் பிடித்துவிடும். நானும் வேலையில் தினமும் அதனிடம் குட்டு வாங்குகிறவன்தான். ஆனால் ஐஎன்ஐ கோப்பு வெறும் உரை. விளையாட்டு தொடங்கும்போது அதைப் படிக்கிறது. அந்தப் பெயரில் எதுவும் இல்லையென்றால் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறது. விளையாட்டு நின்றுபோவதில்லை, பிழைச் செய்தி வருவதில்லை. ஏலியன் தோன்றுகிறது, ஓடுகிறது, கடிக்கிறது. எல்லாம் நடக்கத்தான் செய்கிறது, மக்காக நடக்கிறது. நின்றுபோகிற பிழையை யாராவது திருத்திவிடுவார்கள். மக்காக ஓடுகிற பிழைக்கு ஆயுசு கெட்டி.

அந்த 'ஏ'யின் பின்னால் கர்சரை வைத்து ஒரு தட்டு. சேமி. அவ்வளவுதான் பழுதுபார்ப்பு, இதற்குக் கருவிப்பெட்டி எதுவும் தேவைப்படவில்லை.

முதல் முயற்சியில் ஒரு மாற்றமும் இல்லை. ஏலியன்கள் பழையபடி வரிசையில் வந்தன. 'பாத்தீங்களா' என்பதுபோல் மருமகன் பார்த்தான். காரணம் என் அசட்டுத்தனம்தான். விளையாட்டைச் சின்னதாக்கிப் பின்னால் ஓடவிட்டுக்கொண்டே கோப்பைத் திருத்தியிருக்கிறேன். அது தொடங்கும்போதே பழைய வரியைப் படித்து முடித்துவிட்டதே! முழுக்க மூடிவிட்டு, கோப்பில் திருத்தம் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி திறந்தேன்.

ஒப்பிட்டுப் பார்க்க சுலாகோவுக்குள் நடக்கும் ஆரம்பச் சண்டைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அகலமான இடம், மேலே குழாய்கள், இரண்டு பக்கமும் பெட்டிகள். அதே துப்பாக்கி, சோல்ஜர் என்ற நடுத்தர நிலை. முன்பு நான் ஒரே இடத்தில் நின்று எல்லாவற்றையும் சுட்டு முடித்த இடம் அது.

இந்த முறை முதல் ஏலியன் வந்தது, நேராகத்தான் வந்தது. சரி, கதை அவ்வளவுதான் என்று நினைத்தேன். பாதி வழியில் விலகி ஒரு பெட்டிக்குப் பின்னால் மறைந்தது. அதைத் தேடிக்கொண்டிருந்தபோது இன்னொன்று இடப்பக்கச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. அதைச் சுட்டுவிட்டுத் திரும்பினால் முதலில் மறைந்தது என் முதுகில். செத்துப்போனேன். அந்த இடத்தில் நான் செத்தது அதுவே முதல் தடவை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மறுபடி ஆடும்போது இன்னொன்றைக் கவனித்தேன். மோஷன் டிராக்கரைப் பயன்படுத்த ஆரம்பித்திருந்தேன். இந்த விளையாட்டில் டிராக்கரை எடுத்தால் துப்பாக்கியை இறக்கியாக வேண்டும். எல்லாம் எதிரே வரிசையில் வரும்போது அதை யார் எடுப்பார்கள்? முதல் சுற்றில் அப்படி ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன். இப்போது ஒரு கண் பெட்டிகளின் மேல், ஒரு கண் டிராக்கரின் மேல், அது 'டிக் டிக்' என்று வேகமெடுக்கும்போது எதை எடுப்பது என்ற தவிப்பு. விளையாட்டை வடிவமைத்தவர் இந்தத் தவிப்புக்காகத்தானே இரண்டையும் ஒரே கைக்குக் கொடுத்திருக்கிறார். அந்த மனிதரின் யோசனை இத்தனை வருஷம் ஒரு 'ஏ'வுக்குப் பின்னால் சிக்கிக் கிடந்திருக்கிறது.

ஆனாலும் எனக்கு என் மேலேயே சந்தேகம். திருத்திவிட்டோம் என்று தெரிந்து ஆடுகிறவனுக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரியும். அதனால் மருமகனை வைத்து ஒரு சோதனை செய்தேன். அவனை வெளியே அனுப்பிவிட்டு, பழைய கோப்பையோ புதியதையோ போட்டு வைப்பேன். அவன் வந்து அதே இடத்தை ஆடிவிட்டு எது என்று சொல்ல வேண்டும். நான்கு தடவை ஆடினான், மூன்று சரியாகச் சொன்னான். தவறிய ஒன்றில், திருத்திய கோப்பைப் போட்டிருந்தும் ஏலியன்கள் நேராகத்தான் வந்தன. அதை நானும் பார்த்தேன். ஆக மாற்றம் உண்மை, ஆனால் மந்திரம் இல்லை. குறுகிய தாழ்வாரங்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அங்கே சுற்றி வர இடமே கிடையாது. அகலமான இடங்களில்தான் தும்பு வேலை செய்வது கண்ணுக்குத் தெரிகிறது.

தும்பு கட்டியும் சரியாகாதவை நிறைய. கூட வரும் படைவீரர் ஓநீல் இன்னமும் ஏலியன் தன்னை உரசிக்கொண்டு போனாலும் வேறு எதையோ யோசித்துக்கொண்டு நிற்கிறார். கதவைத் தாண்டினால் எங்கிருந்தோ குதித்ததுபோல் நமக்கு முன்னே நிற்கிறார். வேலண்ட்-யுடானி நிறுவனத்தின் கூலிப்படை ஆட்களோடு சுடுசண்டை போட வேண்டிய இடங்கள் கொட்டாவி விடவைக்கின்றன. ஏலியன் விளையாட்டில் மனிதர்களைச் சுடவா வந்தோம்? தும்பு ஏலியன்களுக்குத்தானே, அவர்களுக்கு யார் கட்டுவது. முகங்கள் மெழுகு பொம்மை. கதை, அதைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது. அந்த 'ஏ'தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று சிலர் எழுதியதைப் படித்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்து ஓட்டை உள்ள வாளியில் பெரிய ஓட்டை ஒன்றை அடைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இதையும் சொல்ல வேண்டும். திருத்தம் எதுவும் தேவைப்படாமலே நன்றாக இருக்கும் ஒரு பகுதி இந்த விளையாட்டில் உண்டு. ஐந்தாவது கட்டத்தில் கையில் ஆயுதம் இல்லாமல் சாக்கடைச் சுரங்கத்தில் நடக்க வேண்டும். பாய்லர் என்று ஒரு வகை, கண் தெரியாதவை, சத்தம் கேட்டால் ஓடிவந்து வெடிக்கும். அவை அருகே வந்தால் அசையாமல் நிற்க வேண்டும். அங்கே நான் நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இந்த விளையாட்டைச் செய்த ஆட்களுக்குப் பயமுறுத்தத் தெரியாமலில்லை.

மறுநாள் ஞாயிறு, ஆசை விடவில்லை. ரசிகர்கள் செய்த ஏசிஎம் ஓவர்ஹால் என்ற பெரிய மாற்றத் தொகுப்பையும் போட்டுப் பார்த்தேன். இலவசம். கோப்புகளை விளையாட்டு நிறுவியிருக்கும் இடத்தில் பழையவற்றின் மேல் எழுத வேண்டும், ஆகவே இங்கேயும் முதலில் நகல். இதில் வெளிச்சமும் நிழலும் மாறுகின்றன, ஏலியன்களின் போக்கிலும் கை வைத்திருக்கிறார்கள். கருப்பு இப்போதுதான் கருப்பாக இருந்தது, முன்பு சாம்பல். பகல் வெளிச்சத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து ஆட முடியாத அளவுக்கு இருட்டு. அந்த 2011 முன்னோட்டம் ஆகிவிடவில்லை, ஆனால் அதன் ஏழை உறவினர் என்று சொல்லலாம். என் பழைய கிராபிக்ஸ் கார்டு மட்டும் கூட்டமான இடங்களில் கொஞ்சம் திணறியது.

செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நோட்பேடில் 'சேவ் ஆஸ்' கொடுத்தால் கோப்பின் வாலில் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளக்கூடும், அப்படி ஒட்டிய கோப்பை விளையாட்டு சீண்டாது. வெறும் 'சேவ்' போதும். வரைகலை அமைப்புகளை மாற்றினால் திருத்தம் அழிந்துவிடுமோ என்று பயந்தேன், என் கணினியில் அழியவில்லை.

நான் இப்போது ஆறாவது கட்டத்தில் இருக்கிறேன். மருமகன் தனியாக முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறான். நேற்று இரவு அந்தச் சுலாகோ சண்டையிலேயே ஐந்தாவது தடவை செத்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"மாமா, அந்த 'ஏ'யைத் திருப்பிப் போட்டுக் குடுங்களேன். நாளைக்கு பிரெண்ட்ஸ்கிட்ட ரெண்டாவது கட்டம் முடிச்சிட்டேன்னு சொல்லணும்."

'பழசு' அதே ஃபோல்டரில்தான் இருக்கிறது. எங்கே என்று அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.